கற்சுவரும் மழைநீரும்



ஜூன் மாதம் பிறந்ததும் மும்பை மக்கள் அனைவரும் வானத்தை நோக்குவார்கள். மாட்டுங்கா லேபர் கேம்பில் வளர்ந்த நாங்கள் வானத்தை நோக்குவதோடு நிற்பதில்லை; சுவரையும் ஒருமுறை பார்த்துக்கொள்வோம். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அந்தச் சுவரே. கல்லும் காரையும் கொண்டு சுவர் எழுப்புவது எவ்வாறு, நன்றாகக் கட்டியதாகத் தோன்றும் சுவரும் ஏன் சரிகிறது, சரிந்ததை மீண்டும் கட்டும்போது எதை மறக்கலாகாது என்பவற்றை எனக்குத் தெரிந்த அளவில் விளக்க முயல்கிறேன்.

நான் பொறியியல் பயின்றவன் அல்லன். கலைப் பட்டம் பெற்று, மைய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாகப் பணி புரிபவன். ஆயினும் சிறுவயதில் ஒரே சுவர் மும்முறை கட்டப்பட்டதைக் கண்ணாரக் கண்டவன். அந்தக் காட்சியே இப்பேச்சுக்கு எனக்குள்ள தகுதி.

தாராவிப் பகுதியின் நிலம் பெரும்பாலும் இயற்கையாக அமைந்த மேட்டுநிலம் அன்று. மாஹிம் கழிமுகத்தையும் மித்தி ஆற்றையும் ஒட்டிய சதுப்பு நிலத்தில், தலைமுறை தலைமுறையாக மண்ணும் குப்பையும் கற்பொடியும் கொட்டி மேடாக்கப்பட்ட நிலம் அது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடி வந்த எங்கள் முன்னோர் அந்த மேட்டின்மீதுதான் குடியேறினார்கள். கொட்டிய மண் சரிந்துவிடாமல் தாங்குவதற்கு ஆங்காங்கே கற்சுவர்கள் தேவைப்பட்டன. எங்கள் வரிசை வீடுகளின் பின்புறம் ஒரு நாலா ஓடிற்று. வீடுகள் நின்ற மண்ணுக்கும் நாலாவுக்கும் நடுவே ஏறத்தாழ ஓர் ஆள் உயரத்துக்குச் சற்று மிகுந்த கற்சுவர் ஒன்று இருந்தது.

1990-களின் தொடக்கத்தில், நான் எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு ஜூலை மாத மழையில் அந்தச் சுவர் சரிந்தது. குளிர்காலத்தில் ஒப்பந்தக்காரர் ஒருவர் வந்து அதே கற்களைக் கொண்டு மீண்டும் கட்டினார். முகம் முழுவதும் சிமெண்டால் மெழுகி, கண்ணாடிபோல் ஆக்கிவிட்டுப் போனார். தெருவே மகிழ்ந்தது. அடுத்த ஆண்டு மழையில் அது மறுபடியும் விழுந்தது. இம்முறை இரண்டு வீடுகளின் பின்னறைகளையும் உடன் இழுத்துக்கொண்டு போயிற்று. பகற்பொழுது, குழாயில் தண்ணீர் வரும் நேரம், எல்லாரும் வெளியே நின்றதால் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் துணி தைத்துத் தன் பிள்ளைகளைக் காப்பாற்றி வந்த அண்டைவீட்டு அத்தையின் தையல் இயந்திரம் நாலாவுக்குள் புதைந்தது. அதைத் தோண்டி எடுத்தபோது அது மீண்டும் ஓடும் நிலையில் இல்லை.

மூன்றாம் முறை கட்ட வந்தவர் நாசரேத்துப் பக்கத்தைச் சேர்ந்த ஒரு முதிய கொத்தனார். எங்கள் தாயார் அவரை "அண்ணாச்சி" என்றழைப்பார். சுவரின் இடிபாடுகளைச் சுற்றிவந்து பார்த்த அவர் கேட்ட முதற் கேள்வி, "மழைத் தண்ணி எந்தப் பக்கமா வருது?" என்பதே. கல்லைப்பற்றியோ சிமெண்டைப்பற்றியோ அவர் முதலில் கேட்கவில்லை. அந்தக் கேள்வியின் பொருள் எனக்குப் பல ஆண்டுகள் கழித்தே முழுமையாக விளங்கியது.

முதலில் கல்லைப்பற்றிச் சிறிது கூறுவேன். மும்பையின் கருங்கல் எரிமலைக் குழம்பு ஆறி இறுகியதால் உண்டானது. ஏறத்தாழ 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தக்காணம் முழுவதும் பரவிய அக்குழம்பே இன்று நம் காலடியில் கரும்பாறையாகக் கிடக்கிறது. உறுதியில் இதற்கு நிகரான கற்கள் மிகச் சிலவே. தாராவியிலேயே இதற்குச் சான்று உண்டு. பேருந்துப் பணிமனைக்கு அருகில், வீடுகளுக்கிடையே மறைந்து நிற்கும் கறுப்புக் கோட்டையை உங்களிற் சிலர் கண்டிருக்கலாம். 'காலா கில்லா' என்பது அதன் வழக்குப் பெயர். பம்பாய் ஆளுநராக இருந்த ஜான் ஹார்ன் என்பவரின் ஆணைப்படி 1737-இல் அது கட்டப்பட்டதாக அதன் சுவரிற் பதித்த கல்வெட்டு கூறுகிறது. சிமெண்டு என்ற பொருளே அக்காலத்தில் இல்லை. போர்ட்லண்டு சிமெண்டுக்கு இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் உரிமம் பெற்றது 1824-இல்தான். ஆகவே, சிமெண்டு இல்லாவிடில் கற்சுவர் நில்லாது என்று எண்ணுவது தவறு.

அப்படியானால் காரையின் வேலை யாது? கல்லைக் கல்லோடு ஒட்டவைக்கும் பசை என்றே பலரும் நினைக்கிறோம். உண்மை சற்று வேறானது. கரடுமுரடான கல்லொன்றை மற்றொரு கல்மீது வைத்தால், மூன்று நான்கு முனைகளில் மட்டுமே அது தொட்டு நிற்கும். மேலுள்ள பாரம் முழுவதும் அம்முனைகளில் விழும், கல் ஆடும், காலப்போக்கில் பிளக்கவும் கூடும். இடையில் காரை இட்டால், அது மெத்தைபோல் பள்ளங்களை நிரப்பிப் பாரத்தைக் கல்லின் பரப்பு முழுவதற்கும் பகிர்ந்தளிக்கும். ஆகவே காரை முதலில் ஒரு படுக்கை. அதன் பின்னரே பசை. சுவரின் வலிமை கல் கல்லின்மீது ஒழுங்காக அமர்ந்திருப்பதில் உள்ளது.

நம் முன்னோர் காரையைச் சுண்ணாம்பால் செய்தார்கள். சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ சூளையில் சுட்டு, நீரூற்றி நீற்றி, மணலோடு சேர்த்துச் செக்கில் அரைத்தார்கள். தமிழ்நாட்டில் கடுக்காய்ச் சாறும் வெல்லமும் சேர்ப்பது வழக்கம். இக்காரை காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொண்டு மெல்ல மெல்ல மீண்டும் கல்லாக மாறும். இம்மாற்றம் நிறைவேற மாதங்களும் ஆண்டுகளும் ஆகும். செங்கற்பொடியாகிய சுர்க்கியைச் சேர்த்தால் ஈரத்திலும் இறுகும். 1887-இல் தொடங்கி 1895-இல் முடிவுற்ற பெரியாறு அணை, பென்னிகுயிக்கின் தலைமையில் சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த காரையாலேயே எழுப்பப்பட்டது என்பதை மதுரை, தேனி மக்கள் நன்கறிவர். சிமெண்டுக் காரையோ சில மணி நேரத்தில் இறுகத் தொடங்கி, சில வாரங்களில் பெரும்பகுதி வலிமையை அடைகிறது. இன்றைய வேகத்துக்கு அது ஏற்றது. எனினும் இவ்விரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. சுண்ணாம்புக் காரை ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும். சற்று வளைந்தும் கொடுக்கும். கெட்டியான சிமெண்டுக் காரை வளைவதில்லை. நிலம் சிறிது தாழ்ந்தாலும் விரிசல் காணும். கொட்டிய மண்ணின்மீது நிற்கும் சுவர்களுக்கு இது முக்கியமான செய்தி.

இனிக் கட்டும் முறையைப் பார்ப்போம். அண்ணாச்சி முதலில் வானம் தோண்டினார். குப்பையும் சேறும் தீர்ந்து கெட்டியான மண் தென்படும் வரையில் தோண்டச் செய்தார். தோண்டும் கூலியாட்கள் முணுமுணுத்தார்கள், அவர் விடவில்லை. சுவரின் அடி அகலத்தை உயரத்தில் பாதியாக வைத்தார். இரண்டு மீட்டர் உயரச் சுவருக்கு அடியில் ஒரு மீட்டர் அகலம். மேலே செல்லச் செல்லக் குறைந்து உச்சியில் அரை மீட்டர். மண் பக்கம் சுவரைச் சிறிது சாய்த்து அமைத்தார்.

கல்லைச் சுவரில் வைக்குமுன் கழுவி நனைத்தார். உலர்ந்த, தூசி படிந்த கல் காரையின் நீரை உறிஞ்சிவிடும். காரை பொடியாகிப் போகும். ஒவ்வொரு கல்லையும் அதன் அகன்ற முகம் கீழே இருக்குமாறு படுக்கவைத்தார். அழகுக்காக மெல்லிய கல்லை முகப்பில் நிறுத்திவைப்பது அவருக்குப் பிடிக்காது. கீழ்வரியில் இரு கற்கள் கூடும் சந்துக்கு நேர் மேலே, மேல்வரியில் முழுக் கல் அமையுமாறு பார்த்துக்கொண்டார். சந்துக்கு மேல் சந்து வந்தால் அதுவே பின்னாளில் விரிசலுக்குப் பாதையாகும்.

சுவரின் உட்புறம் எவர் கண்ணிலும் படாது. ஏமாற்று வேலை நடப்பதும் அங்கேதான். முகப்பில் இரு வரிசைக் கல்லை வைத்து, நடுவில் மண்ணும் கழிவுமாகக் கொட்டி மூடிவிட்டால், பார்வைக்கு அது ஒரு சுவர். உண்மையில் இரண்டு மெல்லிய சுவர்கள். பாரம் ஏறியதும் அவை வெவ்வேறாகப் பிரிந்து வயிறு தள்ளும். இதைத் தடுப்பதற்காகவே, இரு முகங்களையும் சேர்த்துப் பிணைக்கும் நெடுங்கற்களைக் குறுக்கே வைக்க வேண்டும். அரைச் சதுர மீட்டர் பரப்புக்கு ஒன்றேனும் வைக்க வேண்டும் என்பது பொதுப்பணித் துறையினரின் விதி. எங்கள் பழைய சுவரின் இடிபாடுகளில் அத்தகைய கல் ஒன்றுகூட இல்லை என்பதை அண்ணாச்சி எங்களுக்கெல்லாம் சுட்டிக்காட்டினார். நடுப்பகுதியையும் அவர் கல்லாலேயே நிரப்பினார். எஞ்சிய இடைவெளிகளில் சில்லுக் கற்களைக் காரையில் தோய்த்து அடித்து இறுக்கினார். காரையை மட்டும் ஊற்றி நிரப்புவதை அவர் அனுமதிக்கவில்லை. தூக்குக்குண்டும் நூலும் அவர் கையைவிட்டு அகலவில்லை. ஒரே நாளில் மளமளவென்று உயர்த்தாமல், கீழ்வரிகள் இறுகும் வரையில் பொறுத்து, நாள்தோறும் நனைத்து வந்தார்.

இத்தனையும் செய்தபின், எங்களை வியப்பில் ஆழ்த்திய ஒன்றைச் செய்தார். பாடுபட்டுக் கட்டிய சுவரில் துளைகள் விட்டார்! ஏறத்தாழ ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாக, நான்கு அங்குலக் குழாய்த் துண்டுகளை நாலாப் பக்கம் சரிவாக இருக்கும்படி பதித்தார். சுவருக்குப் பின்னால் மண்ணை நேரே கொட்டாமல், ஓர் அடி அகலத்துக்கு உடைகல் அடுக்கி, அதையொட்டிச் சரளை இட்டு, அதன் பின்னரே மண்ணைத் தள்ளச் சொன்னார். "சுவரில் ஓட்டை வைத்தால் சுவர் கெட்டுவிடாதா?" என்று நான் கேட்டேன். "தம்பி, சுவத்தை அழ விடணும். அது அழலைன்னா நாம அழணும்" என்றார்.

பின்னாளில் அலுவலகக் கோப்பு ஒன்றை மொழிபெயர்க்கும்போது, இத்துளைகளுக்கு ஆங்கிலத்தார் வைத்துள்ள பெயரும் 'அழும் துளை' என்றே பொருள்படுவது கண்டு வியந்தேன். ஆங்கிலம் அறியாத அந்த முதியவர் தம் தொழிலிலிருந்தே அச்சொல்லை அடைந்திருந்தார்.

அவர் கூற்றின் உண்மையைக் கணக்காலும் காட்டலாம். இரண்டு மீட்டர் உயரமுள்ள சுவரை எடுத்துக்கொள்வோம். நான் முன்பு கூறிய அளவில் கட்டினால், ஒரு மீட்டர் நீளச் சுவரின் எடை ஏறத்தாழ 3.6 டன். அது தரையில் வழுக்காமல் நிற்கும் ஆற்றல் அந்த எடையில் ஏறத்தாழப் பாதி, அதாவது 1.8 டன். சுவருக்குப் பின்னுள்ள மண் உலர்ந்திருக்கும்போது, அதே ஒரு மீட்டர் நீளத்தை அது தள்ளும் விசை ஏறத்தாழ 1.2 டன். சுவர் எளிதாக நிற்கும். ஆனால் நீர் வெளியேற வழியின்றிச் சுவருக்குப் பின்னால் உச்சி வரையில் தேங்கினால், நீரின் தள்ளுவிசை மட்டுமே 2 டன். ஊறிய மண்ணின் விசையும் சேர்ந்து ஏறத்தாழ 2.6 டன் ஆகிறது. தாங்கும் ஆற்றல் 1.8, தள்ளும் விசை 2.6. சுவர் சரிவதில் வியப்பென்ன? கல் கெடவில்லை, காரை கெடவில்லை, கட்டியவன் நீருக்கு வழிவிட மறந்தான், அவ்வளவே. மேலும், உயரம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். ஆள் உயரச் சுவரில் செய்த பிழையைப் பொறுத்துக்கொள்ளும் இயற்கை, இரண்டாள் உயரச் சுவரில் பொறுப்பதில்லை.

ஒப்பந்தக்காரர் எங்கள் சுவரைச் சிமெண்டால் மெழுகியது ஏன் தீங்காயிற்று என்பது இப்போது விளங்கும். முன்பு கற்களின் சந்துகள் வழியே சிறிதேனும் கசிந்துகொண்டிருந்த நீருக்கு இருந்த ஒரே வாயிலையும் அவர் அடைத்துவிட்டார். பழைய சுண்ணாம்புச் சுவர்களைச் சிமெண்டால் பூசிப் 'புதுப்பிக்கும்' வழக்கத்திலும் இதே தீங்கு உண்டு. வெளியே தோல் இறுகும். உள்ளே ஈரம் தங்கிப் பழைய காரையை மெல்லக் கரைக்கும். சுண்ணாம்பால் கட்டியதைச் சுண்ணாம்பாலேயே செப்பனிடுவது நலம். பெரியாறு அணையை 1980-களில் வலுப்படுத்தியபோது, பின்புறம் கனத்த கான்கிரீட்டைச் சேர்த்ததோடு நிறுத்தாமல், கசியும் நீரை வாங்கி வெளியேற்ற உள்வழிகளையும் அமைத்தார்கள். அத்தனை பெரிய அணைக்கும் எங்கள் நாலாச் சுவருக்கும் விதி ஒன்றே.

மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரையில் 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பதிவாயிற்று. இத்தகைய ஊரில், மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே நிற்கும் சுவரின் கீழே பெரும்பாலும் ஏழைகளே வாழ்கிறார்கள். 2019 ஜூலை 2-ஆம் நாள் மலாட் கிழக்கில், பிம்பிரிபாடாவில், நள்ளிரவுக்குப் பின் ஒரு சுவர் சரிந்து ஏறத்தாழ முப்பது உயிர்களைக் கொண்டது. 2021 ஜூலை 18 அதிகாலையில் நம் செம்பூரை அடுத்த பாரத் நகரில் சுவர் சரிந்து குடிசைகளின்மீது விழ, 19 பேர் மாண்டார்கள். அச்சுவர்களின் கட்டுமானம் ஒன்றுபோல் அன்று, காரணங்களும் வேறுபடலாம். ஆயினும் இரண்டும் கனமழை இரவில், மக்கள் உறங்கும் நேரத்தில் நிகழ்ந்தவை. பின்னால் திரண்ட நீர் எச்சரித்துவிட்டு வருவதில்லை என்று நாம் எண்ணலாம். உண்மையில் சுவர் முன்கூட்டியே பேசும். அதன் மொழியை நாம் அறிந்திருக்க வேண்டும்.

அவ்வறிகுறிகள் யாவை? சுவரின் நடுப்பகுதி வயிறுபோல் முன்தள்ளியிருத்தல் ஒன்று. ஒரு நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டாலே இது புலப்படும். சுவருக்குப் பின்னால், மேட்டுத் தரையில், சுவருக்கு இணையாக நீண்ட வெடிப்புத் தோன்றுதல் மற்றொன்று. துளைகளிலிருந்து தெளிந்த நீர் வருவது நல்லது. கலங்கிய சேற்றுநீர் வந்தால், பின்னுள்ள மண் கரைந்து வெளியேறுகிறது என்று பொருள். கனமழையிலும் துளைகளில் ஒரு சொட்டும் வரவில்லையெனில் அது அடைபட்டிருக்கிறது. இதுவே எல்லாவற்றிலும் அஞ்சத்தக்கது. விரிசல் பழையதா வளர்வதா என்ற ஐயம் எழுந்தால், அதன் குறுக்கே சிறிது சிமெண்டையோ சுண்ணத்தையோ அப்பி, அன்றைய தேதியைப் பொறித்து வையுங்கள். அந்தப் பூச்சு பிளந்தால் சுவர் நகர்கிறது என்பது உறுதி. அப்போது மாநகராட்சிக்கு எழுதுவதோடு அமையாது, மழை ஓயும் வரையில் குழந்தைகளையும் முதியவர்களையும் அச்சுவரின் அருகே உறங்கவிடாதீர்கள்.

சரிந்த சுவரை மீண்டும் கட்டுவோருக்கும் சில சொற்கள். விழுந்த பகுதியை மட்டும் அடைத்துவிட்டு அமைதி கொள்ளாதீர்கள். இருபுறமும் அசைந்த கற்கள் உள்ள வரையில் படிப்படியாகப் பிரித்தெடுத்து, அப்படிகளின்மீது புதுக் கட்டைக் கோத்துக் கட்டுங்கள். பிரிக்கும்போது மேலிருந்து கீழாகவே பிரியுங்கள்; அடியைத் தோண்டி இழுக்கலாகாது. பழைய கல் நல்ல கல்லே. ஒட்டிய காரையைச் செதுக்கிக் கழுவினால் மீண்டும் பயன்படும். பழைய காரையும் மண்ணும் மட்டும் திரும்ப உள்ளே போகக்கூடாது. எல்லாவற்றுக்கும் முன்னதாக, அண்ணாச்சி கேட்ட கேள்வியைக் கேளுங்கள்: தண்ணீர் எந்தப் பக்கமாக வருகிறது? அதற்கு விடை காணாமல் கட்டும் சுவர், முன்பு விழுந்த காரணத்தாலேயே மறுபடியும் விழும்.

கட்டி முடித்த பின்னும் ஒரு கடமை உண்டு. அது அரசாங்கத்தின் கடமை மட்டும் அன்று, நம்முடையதும் ஆகும். துளைகளிலிருந்து ஒழுகும் நீர் முற்றத்தை நனைக்கிறதென்று கந்தைத் துணியை அடைப்போர் உண்டு. எலி வருகிறதென்று சிமெண்டு வைத்து மூடுவோரும் உண்டு. எலிக்குக் கம்பிவலை போதும். மே மாதத்தில் ஒரு நாள், ஒரு நீண்ட கம்பியைத் துளைகளில் விட்டுக் குடைந்து துப்புரவு செய்ய அரை மணி நேரம் போதும். எங்கள் தெருவில் அந்த வேலை அண்ணாச்சி இருந்தவரையில் அவருடையதாக இருந்தது. அவருக்குப் பின் எங்கள் தாயார் அதை மேற்கொண்டார். இப்போது நான் செய்து வருகிறேன்.

அவர் கட்டிய சுவர் இன்றும் நிற்கிறது. 2005-ஆம் ஆண்டு வெள்ளத்தில் நாலா நிரம்பி எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு நீர் புகுந்தது. மறுநாள் நீர் வடிந்தபோது, சுவரின் ஒவ்வொரு துளையிலிருந்தும் இரவு வரையில் நீர் ஒழுகிக்கொண்டே இருந்தது. தையல் இயந்திரத்தை இழந்த அத்தை அன்று அதன் எதிரே நெடுநேரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அழட்டும், நல்லா அழட்டும்" என்று கூறிவிட்டு, வீட்டைக் கழுவ உள்ளே போனார்.

நேயர்களே, இந்த மழைக்காலத்துக்கு முன் உங்கள் வீட்டருகே உள்ள சுவரை ஒருமுறை சுற்றி வாருங்கள். துளைகள் திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையெனில், இருப்பவரிடம் சொல்லித் திறக்கச் செய்யுங்கள்.